தொடுதிரை மடிக்கணினியும் புகைப்படத் தளங்களும்: ஓர் ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை. ஓணத் தள்ளுபடியில் என் மகன் தொடுதிரை மடிக்கணினி ஒன்று வாங்கித் தந்தான். திரையைப் பின்பக்கமாக முழுவதும் மடித்துப் பலகைபோல் வைத்துக்கொள்ளும் வகை. எங்கள் குடும்பப் படங்கள் எல்லாம், மாமனார் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்தவை உட்பட, கூகுள் போட்டோஸில் உள்ளன. அவற்றை வருட வாரியாக ஆல்பங்களாகப் பிரிக்க உட்கார்ந்தால் விரலால் எதுவும் ஒழுங்காக நடப்பதில்லை. தேர்வு செய்யும் டிக் குறி கண்ணில் படுவதில்லை. அடுத்த படத்துக்குத் தள்ளினால் சில தளங்களில் முந்தைய பக்கத்துக்கே போய்விடுகிறது. இரு விரலால் பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் பெரிதாகிப் பொத்தான்கள் திரைக்கு வெளியே போகின்றன. சென்ற வாரம் மங்கலான ஒரே ஒரு படத்தை நீக்கினேன். அதனுடன் ஏறத்தாழ நாற்பது படங்கள் மறைந்துவிட்டன. மகளின் கல்யாணப் படங்களை ஸ்டூடியோக்காரர் லிங்க்காக அனுப்பி, ஆல்பத்துக்கு 150 படங்களைத் தேர்வு செய்யச் சொல்லியிருக்கிறார். அந்தத் தளத்திலும் இதே தொல்லை. தம்பி ஐபோனிலிருந்து அனுப்பும் படங்கள் கணினியில் திறப்பதே இல்லை. கடையில் தொடுதிரையை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அக்கா மகன் பிரவுசரை மாற்றச் சொல்கிறான். கோளாறு எங்கே இருக்கிறது?

பதில்: மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

மறைந்துபோன நாற்பது படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நாள் கணக்கு உள்ள விஷயம் அது ஒன்றுதான். கூகுள் போட்டோஸில் சேமிக்கப்பட்டிருந்த படத்தை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. அதே தளத்தின் குப்பைத் தொட்டிக்குச் சென்று 60 நாட்கள் அங்கே இருக்கும். இடப்பக்கப் பட்டியலில் அந்தத் தொட்டியைத் திறந்து, படங்களைத் தேர்ந்தெடுத்து, மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தினால், அவை ஏற்கெனவே இருந்த ஆல்பங்களுக்கே திரும்பிவிடும். சென்ற வாரம்தான் நீக்கியதாகச் சொல்கிறீர்கள். ஆகவே கவலை வேண்டாம், ஆனால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். தொட்டியைக் காலி செய்யும் பொத்தானை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அதன்பின் மீட்க வழியில்லை. இந்த ஒரு வேலையை விரலால் செய்யாமல் மவுஸால் செய்யுங்கள். அதற்கான காரணம் இந்தப் பதிலின் பிற்பகுதியில் வருகிறது.

இனி, கடைக்காரர் சொன்னது. திரையை மாற்றுவது செலவு பிடித்த வேலை. அதற்குச் சம்மதிக்கும் முன், திரை பழுதா இல்லையா என்பதை நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ள முடியும். விண்டோஸில் உள்ள பெயின்ட் என்ற படம் வரையும் நிரலைத் திறந்து, அதன் சாளரத்தைத் திரை முழுவதும் பெரிதாக்கி, தூரிகையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு விரலை எடுக்காமல் ஓரம் முதல் ஓரம் வரை சாய்கோடுகளை, சேலைக் கரைபோல் நெருக்கமாக, மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேலே கருவிப்பட்டை மறைக்கும் பகுதிக்காக, அந்தப் பட்டை உள்ள இடத்தில் விரலால் பொத்தான்கள் இயங்குகின்றனவா என்று தனியாகப் பாருங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக விழுந்தால் திரையில் பழுது இல்லை. எத்தனை கோடு இழுத்தாலும் குறிப்பிட்ட ஒரே இடத்தில் அறுபட்டால், அல்லது நீங்கள் தொடாதபோதே புள்ளிகள் தாமாக விழுந்தால், அப்போது பழுது திரையில் இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நிலையிலும் உங்கள் கணினி உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். ஓணத்தில் வாங்கியதன் ரசீதோடு தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தை நேரடியாக அணுகுங்கள், கடைக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் கோடு அறுபடாது என்றே எதிர்பார்க்கிறேன். பழுதான திரை எல்லா நிரல்களிலும் தொல்லை கொடுக்கும். உங்களுக்கோ தொல்லை புகைப்படத் தளங்களில்தான் வருகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக வருகிறது. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக் குடும்பங்கள் கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்யும் வேளையில் என்னிடம் கொண்டுவரும் புகாரும் ஏறக்குறைய இதேதான். கணினியில் கோளாறு இல்லை, உங்கள் விரலிலும் இல்லை. ஒரு கணினி மவுஸால் இயங்கும் அல்லது விரலால் இயங்கும், இரண்டாலும் இயங்காது என்ற எண்ணத்தில் தளங்கள் கட்டப்பட்டன. உங்களுடையது இரண்டாலும் இயங்கும் கணினி. தடுமாற்றம் அந்த இடைவெளியில் பிறக்கிறது.

அது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். காரணம் புரிந்துவிட்டால் தீர்வுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. இணையத் தளங்கள் தொடக்கத்திலிருந்தே மவுஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2007இல் ஐபோன் வந்தபின் விரல் தொடுகைக்கென்று தனியான கட்டளைத் தொகுதி ஒன்று உலாவிகளுக்குள், அதாவது பிரவுசர்களுக்குள், வந்தது. அதன்பின் தளம் எழுதியவர்கள் பலர், 'இந்தக் கருவிக்குத் தொடுகை உண்டா?' என்று உலாவியைக் கேட்டு, உண்டு என்றால் கைப்பேசிக்கான வடிவத்தையும், இல்லை என்றால் மேசைக் கணினிக்கான வடிவத்தையும் அனுப்பும்படி எழுதினார்கள். 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வெளியாகித் தொடுதிரை மடிக்கணினிகள் பரவலாகச் சந்தைக்கு வந்தபோது இந்தக் கணக்கு பிசகியது. விரல், மவுஸ், எழுதுகோல் மூன்றையும் ஒரே விதமாகக் கையாளும் பாயின்டர் ஈவென்ட்ஸ் என்ற பொது விதியை இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2015இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் குரோம் உலாவி 2016இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2018இலும், சஃபாரி 2019இலும்தான் அதைச் சேர்த்துக்கொண்டன. அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட தளங்களிலும், அவற்றின் பகுதிகளை எடுத்து ஒட்டிப் பின்னர் செய்யப்பட்ட தளங்களிலும் பழைய வழக்கம் இன்றும் இருக்கிறது. ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்தும் சிறிய தேர்வுத் தளங்களில் இதை அதிகமாகக் காணலாம்.

டிக் குறி கண்ணில் படாததற்குக் காரணம் இது. மவுஸின் அம்புக்குறி ஒரு படத்தின்மேல் எதையும் அழுத்தாமல் நிற்க முடியும். நின்றவுடன் தளம் அதைக் கவனித்து, படத்தின் மூலையில் டிக் வட்டத்தைக் காட்டுகிறது. விரலுக்கு அப்படி ஒரு நிலை கிடையாது. திரையில் படாதபோது விரல் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. பட்டுவிட்டால் அது அழுத்தியதாகவே கொள்ளப்படும். உங்கள் கணினியில் டச்பேட் இருப்பதால், முதன்மைக் கருவி மவுஸ் வகை என்று உலாவி தளத்திடம் சொல்கிறது. தளமும் அதை நம்பி, அம்புக்குறி அருகே வரும்வரை டிக் வட்டங்களை மறைத்து வைக்கிறது. அம்புக்குறி வருவதில்லை, உங்கள் விரல்தான் வருகிறது.

நாற்பது படங்கள் போன வழியும் இதிலேயே இருக்கிறது. பழைய முறையில் எழுதப்பட்ட பக்கங்களும் இயங்க வேண்டும் என்பதற்காக, நீங்கள் விரலால் ஒருமுறை தட்டி எடுத்ததும், அம்புக்குறி அந்த இடத்துக்கு வந்தது, அழுத்தியது, விட்டது என்று மூன்று செய்திகளை உலாவி அடுத்தடுத்துத் தளத்துக்கு அனுப்புகிறது. தட்டிய இடம் படத்தின் நடுவே என்றால் படம் திறக்கும். மூலைக்கு அருகே என்றால், வந்தது என்ற முதல் செய்தியில் மறைந்திருந்த டிக் வட்டம் வெளிப்படுகிறது; அழுத்தியது என்ற அடுத்த செய்தி அந்த வட்டத்தின் மேலேயே விழுகிறது. கண் அதைப் பார்க்கும் முன்பே படம் தேர்வாகிவிடுகிறது. ஒரு படம் தேர்வாகிவிட்டால் தளம் தேர்வு நிலைக்கு மாறிவிடும்; அதன்பின் எந்தப் படத்தைத் தட்டினாலும் திறக்காமல் பட்டியலில் சேர்ந்துகொண்டே போகும். திறக்கவில்லையே என்று நாம் மீண்டும் மீண்டும் வேறு படங்களைத் தட்டுவோம். கடைசியில் மங்கலான படத்துக்காகக் குப்பைத் தொட்டிக் குறியை அழுத்தும்போது, அதுவரை சேர்ந்த எல்லாப் படங்களும் சேர்ந்து போகின்றன. இவ்வகைத் தளங்களில் தேர்வு நிலை வந்ததும் மேல் பட்டையில் எத்தனை படங்கள் தேர்வாகியுள்ளன என்ற எண் தெரியும். எதையும் நீக்கும் முன் அந்த எண்ணைப் படியுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை, அல்லது எஸ்கேப் விசையை அழுத்தித் தேர்வை விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இதனுடன் இன்னொரு மோதலும் சேர்கிறது. கைப்பேசியில் ஒரு படத்தின்மேல் விரலை அழுத்தி வைத்திருந்தால் தேர்வாகும் அல்லவா? விண்டோஸில் அதே செயலுக்கு வேறு பொருள் உண்டு: விரலை அழுத்தி வைத்தால் அதைச் சுற்றி ஒரு சிறு சதுரம் தோன்றும், விரலை எடுத்ததும் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியல் திறக்கும். ஆகவே கைப்பேசிப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் தேர்வுக்குப் பதிலாக, படத்தைச் சேமி, நகலெடு என்ற தொடர்பில்லாத பட்டியல் வந்து நிற்கும். அதிலிருந்து எதையும் தொடாமல் வெற்றிடத்தில் ஒருமுறை தட்டினால் மறைந்துவிடும்.

பக்கத்தைத் தள்ளுவதும் பெரிதாக்குவதும் ஒரே வகைச் சிக்கல். இரு விரல்களை விரிப்பதையும், ஒரு விரலைப் பக்கவாட்டில் இழுப்பதையும் முதலில் பெற்றுக்கொள்வது உலாவிதான். இந்த அசைவை என்னிடம் விட்டுவிடு என்று தளம் முன்கூட்டியே உலாவிக்குச் சொல்லியிருந்தால் மட்டுமே அது தளத்துக்குப் போய்ச் சேரும். சொல்லாத தளத்தில் உலாவி தன் வழக்கப்படி, விரித்தால் பக்கம் முழுவதையும் பெரிதாக்குகிறது. பக்கவாட்டில் இழுத்தால் முந்தைய பக்கத்துக்குப் போகிறது. பெரிதான பக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, இரு விரல்களையும் எதிர்த்திசையில் குவித்தால் போதும், பொத்தான்கள் திரும்பிவிடும். அடுத்த படத்துக்குப் போக விரலால் தள்ளாமல், படத்தின் இருபுறமும் உள்ள அம்புப் பொத்தான்களையோ விசைப்பலகையின் அம்பு விசைகளையோ பயன்படுத்துங்கள். எழுத்துகளும் குறிகளும் சிறியவையாக இருப்பதுதான் உங்கள் சங்கடம் என்றால், விரலால் விரிப்பதைவிட கன்ட்ரோல் விசையுடன் கூட்டல் விசையை அழுத்துவது நல்லது. அப்போது பக்கம் திரை அகலத்துக்கு ஏற்பத் தன்னை அடுக்கிக்கொண்டு பெரிதாகும், பொத்தான்கள் வெளியே ஓடாது. கன்ட்ரோலுடன் சுழியை அழுத்தினால் பழைய அளவு வரும்.

எனவே உங்களுக்கு என் முதன்மையான ஆலோசனை வேலையைப் பிரித்துக்கொள்வதுதான். பார்ப்பதற்கு விரல், தேர்வு செய்ய, அடுக்க, நீக்க மவுஸ். பேரக் குழந்தைகளோடு அமர்ந்து படம் பார்க்கும்போது திரையை முழுவதும் மடித்து விரலால் பாருங்கள். தொடுதிரை வாங்கிய பயன் அங்கேதான் கிடைக்கும். ஆல்பம் பிரிக்க உட்காரும்போது திரையைச் சாதாரண மடிக்கணினிபோல் நிமிர்த்தி, யூஎஸ்பி மவுஸ் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். திரையைப் பின்னால் மடித்த நிலையில் விசைப்பலகை அணைந்துவிடுவதால் இப்போது நான் சொன்ன விசைகள் எதுவும் வேலை செய்யாது; திரையை நெட்டுவாக்கில் நிறுத்தினாலோ அகலம் குறைந்து தளத்தின் அமைப்பே மாறிவிடும். மவுஸ் கையில் வந்தபின் வேலை விரைந்து நடக்கும்: முதல் படத்தின் மூலையில் டிக் செய்து, ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு கடைசிப் படத்தைச் சொடுக்கினால் இடையில் உள்ள எல்லாம் ஒரே நேரத்தில் தேர்வாகும். ஒரு வருடத்துப் படங்களை ஆல்பமாக்க இதைவிட எளிய வழி இல்லை. கூகுள் போட்டோஸில் ஷிப்ட்டுடன் கேள்விக்குறி விசையை அழுத்தினால் இப்படிப்பட்ட குறுக்குவழிகளின் பட்டியலும் வரும்.

விரலாலேயே தேர்வு செய்யத்தான் விருப்பம் என்றால் அதைக் கைப்பேசியில் உள்ள கூகுள் போட்டோஸ் செயலியில் செய்யுங்கள். அது விரலுக்கென்றே எழுதப்பட்டது; ஒரு படத்தை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் அப்படியே இழுத்துச் சென்றால் வரிசையாகத் தேர்வாகும். கணக்கு ஒன்றே என்பதால் அங்கே பிரித்த ஆல்பம் மடிக்கணினியிலும் தெரியும். ஆனால் கணக்கு ஒன்றே என்பதால்தான் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது: ஓரிடத்தில் நீக்கினால் அந்த நீக்கம் மற்றக் கருவிகளையும் சென்று சேரும். மடிக்கணினியில் உள்ளது வெறும் நகல், கைப்பேசியில் மூலப்படம் பத்திரமாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மாமனார் காலத்துப் படங்களை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்த பிறகே நீக்கும் வேலையைத் தொடங்க வேண்டும் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணப் படத்தை ஸ்டூடியோவில் மறுபடி கேட்டு வாங்கலாம். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை யாரிடமும் கேட்க முடியாது.

புதிய படங்களை ஏற்றும்போது, கோப்பை விரலால் இழுத்துத் தளத்தில் போடும் முறை பல தளங்களில் ஒழுங்காக இயங்குவதில்லை. தளத்தில் உள்ள பதிவேற்றப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். அதில் திறக்கும் சாளரத்தில் பல கோப்புகளை விரலால் தேர்ந்தெடுக்க ஒரு வசதி உண்டு. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ பட்டியலில் ஷோ என்பதற்குள் ஐட்டம் செக் பாக்ஸஸ் என்பதை இயக்கிவிட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு டிக் பெட்டி வரும்.

அக்கா மகன் சொன்ன யோசனை பாதி சரி. உலாவியை மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் குரோமிலிருந்து எட்ஜுக்கு மாறினால் பெரிய வேறுபாடு தெரியாது, ஏனென்றால் 2020 முதல் எட்ஜும் குரோமின் அடிப்படையான குரோமியத்தின் மேல்தான் இயங்குகிறது. வேறு எஞ்சினில் இயங்கும் ஃபயர்ஃபாக்ஸில் பார்த்தால்தான் சோதனைக்குப் பொருள் இருக்கும். அதிலும் அதே தடுமாற்றம் வந்தால் குறை தளத்தினுடையது என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

ஏதாவது ஒரு தளம் மவுஸ் வைத்தும் பிடிவாதமாகக் கைப்பேசி வடிவத்தையே காட்டினால், தொடுதிரையைத் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம். தொடக்கப் பொத்தானின் மேல் வலச் சொடுக்கு செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைஸஸ் என்ற தலைப்பின் கீழ் டச் ஸ்கிரீன் என்று முடியும் வரியைத் தேடி, அதை மட்டும் டிஸேபிள் செய்யுங்கள். அந்தப் பட்டியலில் டச்பேட் என்ற வரியும் இருக்கக்கூடும்; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறகு உலாவியை முழுவதும் மூடித் திறந்தால் தளம் உங்கள் கணினியைச் சாதாரண மடிக்கணினியாகவே கருதும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் எனேபிள் செய்துவிடலாம். இதனால் கணினிக்கு எந்தக் கேடும் இல்லை.

தம்பியின் ஐபோன் படங்கள் திறக்காதது தொடுதிரையோடு தொடர்பில்லாத வேறு விஷயம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெச்இஐசி என்ற கோப்பு வகையில் படங்களைச் சேமிக்கின்றன. வழக்கமான படக் கோப்பு வகையான ஜேபெக்கைவிட இடம் குறைவாகப் பிடிக்கும் என்பது அதன் நன்மை. அதைத் திறக்க விண்டோஸுக்கு ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற கூடுதல் நிரல் வேண்டும்; மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. சில கணினிகளில் ஹெச்இவிசி என்ற இன்னொன்றும் தேவைப்படும், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. தம்பி தம் ஐபோனின் அமைப்புகளில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ், அதற்குள் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்துவிட்டால் இனிமேல் எடுப்பவை ஜேபெக்காகவே வரும். ஏற்கெனவே வந்தவற்றை நீங்கள் கூகுள் போட்டோஸில் ஏற்றினால் எந்த உலாவியிலும் பார்க்க முடியும்.

எஞ்சியிருப்பது கல்யாண ஆல்பம். ஸ்டூடியோக்காரரின் தளம் எது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் விரலால் செய்த தேர்வை அப்படியே அச்சுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். மவுஸால் தேர்வு செய்யுங்கள். சிறிய கட்டங்களாகத் தெரியும் பக்கத்தில் டிக் செய்துகொண்டே போகாமல், ஒவ்வொரு படத்தையும் பெரிதாகத் திறந்து பார்த்து அங்கேயே குறியிடுங்கள். அன்றன்று தேர்ந்த படங்களின் கோப்பு எண்களை, அவை படத்தின் கீழே அல்லது விவரப் பகுதியில் இருக்கும், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எல்லாம் முடிந்தபின் அதே லிங்க்கை மகளின் கைப்பேசியில் திறந்து, தளம் காட்டும் எண்ணிக்கை 150தானா, அவை உங்கள் நோட்டில் உள்ள எண்கள்தானா என்று இருவருமாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு நோட்டின் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து ஸ்டூடியோவின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, தளத்தில் உள்ளதும் இந்த எண்களும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அச்சிடும்படி எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.